அம்மி பறந்த கதை

எங்கள் மதுக்கரையில் ஆடி பிறந்துவிட்டதைக் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காலண்டர் பறந்திருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டருக்கு மதில் மாதிரி நிற்கிறது. அதில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு 30 கிலோமீட்டருக்குக் கதவு வைக்க மறந்துவிட்டார்கள். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் கேரளத்தில் இறக்கிவிட்டு, காலி லாரி மாதிரி வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வரும். சுமை இறக்கிய லாரி என்ன வேகத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டிமடை தாண்டினால் நாங்கள்தான்.

இதே காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்துக் கரண்ட் ஆக்குகிறார்கள். நாங்கள் கல் வைத்துச் சமாளிக்கிறோம். தண்ணித்தொட்டி மூடிமேல் கல், கோழிக்கூண்டின்மேல் கல், அட்டைக் கூரைமேல் நாலு கல். சிமெண்டுக்குப் பேர்போன ஊரில் கூரை நிற்பது கல்லை நம்பித்தான்.

1998 வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆனி முடிகிற அன்று மாமனார் வந்து என் மனைவியை ஆடிக்கு அழைத்துப் போய்விட்டார். ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிரசவம். அதற்காகப் பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. மாமியார் வீடு தூரதேசம் இல்லை. போத்தனூர். ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்.

"பதினெட்டுக்கு அவங்களே வந்து கூப்புடுவாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்காத சாமி" என்றார் அம்மா. அன்றிலிருந்து கிழக்கே தலைவைத்துப் படுப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

ஆடிக்கு அம்மா வைத்திருந்த சட்டப் புத்தகம் தடிமனானது. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, வீடு குடிபோகக் கூடாது, நிலம் கிரயம் பண்ணக் கூடாது. விதைக்க மட்டும் அனுமதி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லியிருக்கிறார்களே. இப்படிப்பட்ட அம்மா, தள்ளுபடி போட்ட இரண்டாம் நாளே ஒப்பணக்கார வீதிக்குக் கிளம்பிவிட்டார்.

"ஆடியில நல்ல துணி எடுக்கலாமாம்மா?"

"எடுக்கறதுதான்டா ஆடியில. உடுத்தறது ஆவணியில."

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் ஒன்று தேடினேன். கொல்லையில் கிடந்தது.

அம்மி. மிக்ஸி வந்த நாளிலிருந்து அதன்மேல் துளசித் தொட்டிதான் உட்கார்ந்திருந்தது. ஆடி பத்தாம் தேதி அதைத் தடவிப் பார்த்து, "அம்மி வழுக்குதும்மா, கொத்தணும். போத்தனூர்ல நல்லாக் கொத்தறவர் ஒருத்தர் இருக்காராம்" என்றேன். அம்மா அம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மியைச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் 50-இன் முன்னால் கயிறு போட்டுக் கட்டினேன். குழவி என் மடியில். சுந்தராபுரம் வரைக்கும் ஆக்சிலேட்டரைத் திருகவே இல்லை. வாளையாற்றுக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. என் மனசு தெரிந்த காற்று.

வாசலில் நின்ற மாமியார் சாக்கைப் பார்த்தார். "வாங்க மாப்ள. அதென்னுங்க?"

"அம்மிங்க அத்தை. கொத்தறதுக்கு..."

"இந்தப் பக்கம் அம்மி கொத்தறவங்க யாருமில்லீங்களே?"

"அப்புடீங்களா?" என்றேன், குழவியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க. போத்தனூரு வரைக்கும் பறக்கும்னு சொல்லலீங்களே!"

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை முந்தானையில் பொத்துகிற சத்தம். அதற்காகத்தானே வந்தேன். காபி குடித்து முடிக்கிறவரை அந்தச் சத்தம் மூன்று முறை கேட்டது. கிளம்பும்போது அம்மியைத் தூக்கப்போனேன், மாமியார் தடுத்துவிட்டார்.

"இருக்கட்டுங்க. ஆவணி பொறந்ததும் புள்ளையோட சேத்து அனுப்பறனுங்க."

ஆக, எங்கள் வீட்டு அம்மிக்கும் ஆடி அழைப்பு. கனம் இல்லாத வண்டியில் எதிர்க்காற்றில் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை சாலையோரப் புளியமரத்தைக் கட்டிப்பிடித்தேன்.

ஆடி பதினெட்டுக்கு முறைப்படி அழைப்பு வந்தது. எல்லாரும் பேரூர் போனோம். வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழை நொய்யலில் கொஞ்சம் ஓடியது. பட்டீஸ்வரர் கோயில் படித்துறையில் பெண்கள் ஏழு கூழாங்கல்லை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காதோலை கருகமணி வைத்துக் கன்னிமாரைக் கும்பிட்டார்கள். ஏற்றிவைத்த விளக்கைத்தான் காற்று விடவில்லை. என் மனைவி ஒவ்வொரு தீக்குச்சியாகக் கிழிக்க, நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு குச்சி தீர்ந்தது. பேசாமலே அவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்க முடிந்ததால், ஏழாவது பற்றிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாயங்காலம் மாமனார் வீட்டு வேப்பமரத்தில் தூரி கட்டினார்கள். ஆடி நோம்பிக்குத் தூரி இல்லாமல் எப்படி? ஆட்டிவிடும் வேலை மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. காற்று பாதி ஆட்டியது. கூலி முழுக்க எனக்கு.

ஆவணி முதல் தேதி ஆட்டோ வந்தது. முன்னால் மனைவி, பின்னாலேயே சாக்கில் அம்மி. இறக்கி வைத்ததும் அம்மா குனிந்து, உள்ளங்கையால் அம்மியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவினார். போன மாதம் எப்படி வழுக்கியதோ அப்படியே வழுக்கியது. ஒரு உளி கூடப் பட்டிருக்கவில்லை.

"நல்லாத்தான் கொத்தியிருக்காங்க" என்றார் அம்மா.

துளசித் தொட்டியை மறுபடி அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு, சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டார்.