எங்கள் பொருளை எங்களுக்கே தந்த வள்ளல்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்தை 2018 டிசம்பரில் இடித்தார்கள். 2025-இல் திறந்தார்கள். இடித்தவர்கள், இடித்த இடத்தை வருஷக்கணக்காகப் பார்வையிட்டவர்கள், கடைசியில் வந்து நாடா வெட்டியவர்கள் அத்தனை பேருக்கும் ஊர் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் தங்களுக்குத் தாங்களே பேனர் வைத்து நன்றி சொல்லிக்கொள்வது வழக்கம்தான் என்றாலும், அனுபவித்தவர்கள் நாங்களும் நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

முதல் நன்றி, வேகத்துக்கு. இடிப்பதில் அரசாங்கத்தைக் குறை சொல்லவே முடியாது. பொக்லைன் வந்து நின்றால் கல்லும் கம்பியும் தரையோடு தரை. யாரைக் கேட்டு இடித்தீர்கள் என்று கேட்பதற்கு அப்போது ஊரில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. வேலையை நடத்தியதோ ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காகக் கம்பெனிச் சட்டத்தில் பதிவான ஒரு கம்பெனி. அதில் மாநில அரசுக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்குப் பங்கு இல்லை. நிற்கும் உரிமை மட்டும் உண்டு.

இரண்டாவது நன்றி, ஒரு மாபெரும் கண்டுபிடிப்புக்கு. தரைக்குக் கீழே வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று தோண்டினார்கள். மணல் வந்தது! தாமிரபரணி ஓடுகிற ஊரில் ஆழத் தோண்டினால் மணல் வரும் என்பது இங்கே டவுசர் போட்ட பையனுக்கும் தெரியும். எழுபது கோடிக்கு மேல் திட்டம் போட்ட பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மணல் எங்கே போனது, என்ன விலைக்குப் போனது என்று புகார் கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. வேலை நின்றது. மணல் போய்விட்டது, குழி மட்டும் எங்கும் போகாமல் எங்களோடு இருந்தது.

அந்த ஆண்டுகளில் ஜங்ஷனுக்கு வந்தவர்கள் ஓட்டப் பயிற்சி பெற்றார்கள். பஸ் எங்கே நிற்கும் என்பது டிரைவர் மனசைப் பொறுத்தது. டவுன் பஸ்ஸுக்கு இந்த மூலை என்று நின்றால் அது அந்த மூலையில் நின்று கிளம்பிவிடும். நெல்லை வெயிலில் நிழல் கிடையாது. பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. பைக்கட்டோடு வந்த கிழவி ரோட்டைக் கடப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும். பேருந்து நிலையத்தை நம்பிக் கடை போட்டவர்கள் வாடகை கொடுத்து ஈ ஓட்டினார்கள்.

"எப்ப வே முடியும்?"

"மூணு மாசம், அண்ணாச்சி."

கேட்டவருக்கு நரைத்தது. மூன்று மாசத்துக்கு வயசே ஆகவில்லை.

"நெல்லைக்காரனுக்கே அல்வா கொடுத்துவிட்டார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அல்வாவை அவமானப்படுத்தாதீர்கள். டவுனில் சாயங்காலம் கடை திறந்து, கொஞ்ச நேரத்தில் அத்தனையும் விற்று, கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சொன்ன நேரம், சொன்ன பொருள், கையில் சூடாக.

டெல்லியையும் மறந்துவிடக் கூடாது. 2015 ஜூனில் நூறு நகரங்களுக்கு என்று இந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கினார்கள். முடிக்கும் தேதி 2023 ஜூன் என்றார்கள், 2024 ஜூன் என்றார்கள், 2025 மார்ச் என்றார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு உத்தரவு வந்தது. எந்த உத்தரவிலும் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயர் வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. நாங்கள் சொத்து வரியைத் தாமதமாகக் கட்டினால் அதற்கு வட்டி. அவர்கள் பேருந்து நிலையத்தைத் தாமதமாகக் கட்டினால் அதற்கு விழா. 2022-இல் அந்தச் சொத்து வரியையும் உயர்த்தினார்கள். அந்த வேலை மட்டும் சொன்ன தேதியில் முடிந்தது.

ஜங்ஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டியது. 1843-இல் திறந்தார்கள். இன்றும் பஸ் அதன் மேல் போகிறது. வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் புகழ் அவனுக்கு வேண்டாம். பொக்லைன் இல்லாத காலத்தில், ஓடுகிற ஆற்றின் குறுக்கே பாலம் எழும்பியது. சமதரையில், சிமெண்டும் இயந்திரமும் கோடிகளும் குவிந்திருக்க, ஒரு பேருந்து நிலையம் எழும்ப ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் கைக்காசு போட்டு வேலை முடித்தார் என்ற கதையை இன்றைய ஒப்பந்ததாரர்களிடம் சொல்லிப் பாருங்கள், நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டுவார்கள்.

சரி, கட்டிடம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் புலம்பல் என்கிறார்கள். அது எங்கள் இடம். எங்கள் வரிப்பணம். பறித்துக்கொண்டு போய், ஆறு வருஷம் கழித்துத் திருப்பித் தந்துவிட்டு, கல்வெட்டில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்கிறவர்களை வேறு எந்தத் தொழிலிலும் வள்ளல் என்று அழைப்பதில்லை. நசிந்துபோன கடைக்காரருக்கு நஷ்டஈடு எங்கே? மணலுக்குக் கணக்கு எங்கே? திறந்தவர் பெயர் கல்லில் இருக்கிறது, இழுத்தடித்தவர் பெயர் எங்கே?

நாளைக்கு இன்னொரு சந்தையையோ இன்னொரு நிலையத்தையோ இடிக்கப் பொக்லைன் வரும். வரட்டும். முதலில் ஒரு பலகை வையுங்கள். முடிக்கும் தேதி, பொறுப்பான அதிகாரியின் பெயர், ஒப்பந்ததாரரின் பெயர், தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு அபராதம், அது எந்தக் கடைக்காரருக்குப் போய்ச் சேரும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள். போட மனசில்லை என்றால் எங்கள் சுவரில் கை வைக்காதீர்கள்.