ஐந்து கிலோ சங்கீதம்

ஏற்காட்டில் பாஞ்சோ வாசிக்கிறேன் என்றால் "புல்புல்தாராவா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர்மேல் தப்பில்லை. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் பிறந்த தாய்ஷோகோட்டோ இங்கே வந்து புல்புல்தாரா ஆனது. மும்பைப் பக்கம் அதற்கே பேஞ்சோ என்று பெயர் சூட்டி, கணபதி ஊர்வலத்தில் ஒலிபெருக்கி கட்டி அடிக்கிறார்கள். தட்டச்சு இயந்திரமும் வீணையும் சம்பந்தியானது போலிருக்கும்.

என்னுடையது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துப் போகப்பட்டவர்கள், ஞாபகத்தை மட்டும் கொண்டுபோய், கடலுக்கு அந்தப் பக்கம் சுரைக்குடுக்கையில் மறுபடி செய்துகொண்ட வாத்தியம். இன்றைய உருவம், காம்பு நீண்ட தோசைக்கல்.

ஆறு வருஷம் வாசித்தபின் நான் இடைநிலைக்கு வந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்றால், ஆரம்பத்தில் அபஸ்வரம் வந்தால் என்மேல் கோபம் வரும். இப்போது வாத்தியத்தின்மேல் வருகிறது.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி மற்ற நான்கோடு சேர்ந்து தலையிலிருந்து வராது. கழுத்தின் பக்கவாட்டில், ஐந்தாவது மெட்டருகே தொற்றிக்கொள்ளும். சேலத்தில் பஸ் ஏறாமல் பாதி மலையில் கை காட்டி ஏறுகிறவர் மாதிரி. என் பழைய வாத்தியத்தில் அந்தக் கம்பியின் பிருடைக்குப் பல்சக்கரம் கிடையாது. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கியிருக்கும்.

பாஞ்சோவின் முகத்தில் இழுத்துக் கட்டும் தோல் விஷயத்தில் தப்பு என்னுடையது. 1950-களின் கடைசியிலிருந்தே பாலியெஸ்டர் தோல் கிடைக்கிறது. எனக்கோ பழமை மோகம், கன்றுத்தோல் போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்து ஊரில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் மாதங்களில், நமுத்த அப்பளத்தில் தாளம் போட்டால் என்ன வருமோ அதுதான் வந்தது.

நல்லதாக ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. பெங்களூரில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தது. சேலத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர், மகள் வீட்டுக்குப் போகிறவர், "நானும் வந்து பார்க்கிறேனே தம்பி" என்று கூடவே ரயிலேறினார்.

நான் படித்து வைத்திருந்ததெல்லாம் கம்பி, கழுத்து சம்பந்தப்பட்டது. பாஞ்சோவின் குதிரை ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில் நிற்கிறது. அது அரை நூல் நகர்ந்தாலும் மேல் மெட்டுகள் பேதலிக்கும். ஆகவே பன்னிரண்டாவது மெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுவதும் அழுத்தி மீட்டுவதும் ஒரே சுருதியில் சேருகின்றனவா என்று பார்த்தேன். சேர்ந்தன. முகத்தை நிபுணர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

பெரியவர் கம்பிப் பக்கமே போகவில்லை. வாத்தியத்தை மடியில் கிடத்தி, கம்பிகளை இடது கையால் அமுக்கி, வளையத்தைச் சுற்றியிருந்த இருபத்து நான்கு கொக்கிகளின் அருகிலும் வலது ஆட்காட்டி விரலால் தட்டிக்கொண்டே வந்தார். மிருதங்கத்தில் வலந்தலை பார்க்கிற அதே தட்டு. பதினேழாவதிலோ என்னவோ நின்றார்.

"இங்க ஒரு நூல் இறங்கியிருக்கு தம்பி. கல்லு, கட்டை இருக்கா?"

விற்பவர் பதறிப்போய் ஸ்பேனர் எடுத்துவந்து கால் திருப்பு திருப்பினார். பெரியவர் மறுபடி தட்டிவிட்டுத் தலையசைத்தார். தோலுக்கு அடியில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வெண்கல வளையம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கணீர் என்று நான் விளக்கியதும், "கோயில் மணியை ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லு" என்றார். அதைவிட ஒழுங்காக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பின்புறம் மரக்கிண்ணம் வைத்தது வேண்டுமா, திறந்த முதுகா என்று விற்பவர் கேட்டார். கிண்ணமிருந்தால் நாதம் கூட்டத்தை நோக்கிப் பாயும், கனமும் ஏறும். எனக்கிருக்கும் கூட்டம் இரண்டு கிதார்காரர்களும் ஒரு நாயும். ஆனாலும் கிண்ணம் வைத்ததையே எடுத்தேன். பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோ, ஜாகிர் உசேனின் தபலாவோடும் ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலோடும் 2024-ல் கிராமி வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் பாஞ்சோவுக்கு மரியாதை கூடியிருக்கிறது. எனக்கு மட்டும் பழையபடிதான். விலையைச் சொல்லமாட்டேன், இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

பெட்டியோடு ஐந்து கிலோவைத் தாராளமாகத் தாண்டும் அதைத் தோளில் மாட்டி சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். பழைய வாத்தியத்தோடு அதே பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கண்டக்டர் அதை ஒரு சாமானாகவே மதித்ததில்லை, ஒருமுறை "புள்ளைக்கு வாங்கினீங்களா சார்?" என்றுகூட விசாரித்தார்.

இந்தத் தடவை நாலாவது வளைவில் என்னிடம் வந்தவர், வழியில் கிடந்த பெட்டியை நகர்த்தக் குனிந்தார். தூக்கினார். மறுபடி வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

அதை மடித்துப் பெட்டிக்குள், கம்பி உறைகளோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.