பெட்டித் திணை: ஓர் இலக்கண ஆய்வு

வீரன் படையோடு புறப்பட்டால் வஞ்சி. அவன் மனைவி வீட்டில் காத்திருந்தால் முல்லை. ஒன்றுக்கு ஒன்று புறன் என்றும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். ஆனால் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு வெட் கிரைண்டர் எல்லாமாக வீரனோடு ரயிலேறினால் அது என்ன திணை? இலக்கணத்தில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வாளரின் தகுதி: மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார் ஒருவரின் மனைவி. களம்: வெலிங்டன், ஜோத்பூர், பபினா, அம்பாலா. எல்லை: பீஸ் ஸ்டேஷன் மட்டும். ஃபீல்ட் போஸ்டிங்கில் குடும்பம் ஊரிலேயே தங்கிவிடும். கடிதம் 56 ஏ.பி.ஓ.வுக்குப் போகும். அது பழைய முல்லையே.

முதற்பொருள்: நிலம், ரயில்வே பிளாட்பாரம். சிறுபொழுது, விடிகாலை மூன்று மணி. பெரும்பொழுது, பிள்ளைகளின் பரீட்சைக்கு முந்தைய வாரம்.

கருப்பொருள்: உணவு, உப்புமா, மிளகாய்த்தூளும் புளியும் பெட்டிக்குள் போய்விட்டபடியால் மூன்று நாளைக்கும் அதுவே. பறை, பிளாஸ்டர் டேப் இழுபடும் கிர்ர்ர் ஓசை. மரம், தொட்டிக் கறிவேப்பிலை. மடியில் வைத்தே கொண்டுபோகப்படும். விலங்கு, ஜோத்பூரில் பெட்டிக்குள் ஏறி பபினாவில் இறங்கிய பல்லி. தெய்வம், குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் நாளில் பட்டியலோடு வந்து ஃபேனையும் பல்பையும் எண்ணுபவர். உடைந்த சுவிட்சுக்கு அவரிடம் மன்னிப்பு இல்லை. 14.2 கிலோ சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வாங்கும் வவுச்சரும், பள்ளியின் டி.சி.யும் புனித ஏடுகள். 1963-இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளோடு தொடங்கிய கேந்திரிய வித்யாலயா மட்டும் இல்லாவிட்டால், என் மூத்தவன் நான்கு மாநிலப் பாடத்திட்டத்தில் நான்கு தடவை சிவாஜியைப் படித்திருப்பான்.

உரிப்பொருள்: தேடலும் தேடல் நிமித்தமும்.

"ஏம்மா, ஷூ பாலிஷ் எங்க?"

"பெட்டியிலங்க."

"எந்தப் பெட்டியில?"

இதற்கு மேல் இத்திணையில் உரையாடல் கிடையாது.

இனி கல்வெட்டுச் சான்று. எங்கள் கறுப்பு இரும்புப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் எண், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அவர் கறுப்படித்து மேலே புதிதாக எழுதுவார். சாய்ந்த வெயிலில் பார்த்தால் 'ஹவில்தா'ருக்குக் கீழே 'நாயக்' புடைத்துத் தெரியும். விரலால் தடவினால் அதற்கும் அடியில் 'சிப்பாய்' தட்டுப்படும். நான் அந்த வீட்டுக்குள் வந்தது சிப்பாய் அடுக்கில்.

அதே பெட்டிகள் புது ஊரில் வேஷம் மாறும். இரண்டைச் சேர்த்து மேலே மெத்தை போட்டால் திவான்; ஒன்றின் மேல் துணி விரித்தால் டி.வி. மேசை. மூன்றாவது பெட்டியில் என் கல்யாணக் குத்துவிளக்கும் யாரும் பார்க்காத ஆல்பமும் இருக்கின்றன. மூன்று ஊர்களில் அதைத் திறக்கவே இல்லை.

ஒரே ஒரு முறை, அம்பாலாவில், இனி இங்கே இரண்டு வருஷம் என்ற தைரியத்தில் அதைத் திறந்து விளக்கைத் துலக்கி வைத்தேன். பத்தாம் நாள் போஸ்டிங் ஆர்டர் வந்தது.

ஆகவே இத்திணையின் ஒரே நூற்பாவைப் பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்: கடைசிப் பெட்டியைத் திறக்காதீர்கள்.