காசு வாங்காத காவலருக்கு ஒரு வாழ்த்து

கெட்ட தளங்களைத் தடுத்துத் தருவதாக இலவசமாக வந்து நிற்கும் செயலியே, உன்னைப் போன்ற உழைப்பாளியை எங்கள் திருப்பூர்கூடப் பார்த்ததில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் ஓவர்லாக் மிஷினை விட்டு எழுந்திருப்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. உனக்கு அதுவும் கிடையாது. சனிக்கிழமை சம்பளமும் நீ கேட்பதில்லை.

லைன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போய்விட்டால் பையன் கையில் செல்போன்தான் துணை. ஆபாசமும் சூதாட்டமும் அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று தவிக்கும் அம்மா, செல்போன் கடைத் தம்பி காட்டிய உன்னை நம்பி இறக்கிக்கொள்கிறார். நீ கேட்பதெல்லாம் இரண்டே அனுமதிகள்: ஒன்று அக்செசிபிலிட்டி, இன்னொன்று விபிஎன். முதலாவது கிடைத்தால் திரையில் தெரிவதையெல்லாம் உன்னால் படிக்க முடியும். இரண்டாவது கிடைத்தால் போனிலிருந்து இணையத்துக்குப் போவதெல்லாம் உன் வாசலைத் தாண்டித்தான் போகும். நாலு கெட்ட தளத்தை மறிக்க வந்த இடத்தில், அந்தக் குடும்பம் போகிற நல்ல தளங்களையும் கவனித்துக்கொள்ளும் அக்கறை வேறு யாருக்கு வரும்? நகைக்கடன் வட்டி பார்த்ததையும், பிஎஃப் பணம் வந்ததா என்று தேடியதையும், வெளியே சொல்லக் கூசிய ஒரு நோயின் பெயரைத் தட்டியதையும் நீ சிறிய விஷயம் என்று ஒதுக்குவதில்லை.

உன் குலப்பெருமையையும் சொல்ல வேண்டும். ஒனாவோ ப்ரொடெக்ட் என்ற செயலியை விடவா எஜமான விசுவாசி பிறக்கப்போகிறார்? அதை உருவாக்கிய நிறுவனத்தை 2013-ல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. ஆபத்தான தளங்களிலிருந்து காப்பேன் என்று மக்களின் போனுக்குள் போய், யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை முதலாளிக்கு ஒப்பித்தது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து வெளியேறியது. இந்த விவகாரத்தில் 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்குச் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. எந்தத் தளத்தை நம்பலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’, தன்னை நம்பியவர்கள் போய்வந்த தளங்களின் விவரத்தை விலைபேசியதை 2016-ல் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. வைரஸ் தடுப்பு நிறுவனமான அவாஸ்ட் இன்னும் ஒரு படி மேல். பின்தொடரும் குக்கீகளைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்துகொண்டே, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தன் வாடிக்கையாளர்களின் இணையத் தடத்தை விற்றது. அதற்காக 2024-ல் அமெரிக்காவின் எஃப்டிசி ஆணையம் கேட்ட தொகை 1.65 கோடி டாலர். மற்றவர்கள் பின்தொடரக் கூடாதென்று வழியை அடைத்துவிட்டுத் தானே பின்னால் நடந்த பொறுப்புணர்ச்சி அது.

ஏற்றுமதி அலுவலகங்களையும் நீ மறப்பதில்லை. மெர்ச்சண்டைசரின் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாக ஏறி, ‘எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கிவிட்டால், பையரின் போர்ட்டலும் காஸ்டிங் ஷீட்டும் உனக்குத் திறந்த வீடு. பீஸுக்கு ஐந்து பைசா கூலிக்காக மணிக்கணக்கில் வாதாடும் ஊர் இது. அந்த ரகசியங்களை வாதமே இல்லாமல் வாங்கிக்கொள்ளும் உன் சாமர்த்தியம் யாருக்கும் வாய்க்காது.

உன் தனியுரிமைக் கொள்கையோ நல்ல ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அந்த அம்மாவையும், பக்கத்து அறையில் இருக்கும் ஒடியாக்காரரையும் படிக்கும் சிரமத்திலிருந்து நீ காப்பாற்றிவிடுகிறாய்.

எங்கள் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காவுக்கு இந்தத் திறமையெல்லாம் இல்லை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் அந்தப் பீஸை ஒதுக்கிவிடுவார். அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று அவர் விசாரிப்பதில்லை. விசாரிக்காமலே வேலை சுத்தமாக முடிகிறது.

தளத்தைத் தடுக்கவும் அப்படித்தான். திறப்பவர் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் தடுப்புப் பட்டியல் போனுக்குள் வந்துவிடும், ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கேயே நடக்கும். வேண்டாத சூதாட்டத் தளத்தின் பெயரை நாமே அதில் எழுதிச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது. அதில் க்ளவுட்ஃப்ளேரின் குடும்பச் சேவையின் முகவரியைக் கொடுத்தால் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் போன் முழுவதிலும் அடைபடும். அந்தச் சேவைக்கும் தளத்தின் பெயர் தெரியும் என்பது உண்மை. ஆனால் பக்கத்துக்குள் என்ன படித்தோம், என்ன தட்டினோம் என்பது தெரியாது. இவற்றுக்கும் காசு இல்லை, அக்செசிபிலிட்டி அனுமதியும் வேண்டாம்.

வாசகர்களே, உங்கள் போனில் செட்டிங்ஸைத் திறந்து அக்செசிபிலிட்டி, விபிஎன் இரண்டு பட்டியலையும் பாருங்கள். யாருடையது என்று தெரியாத செயலி அங்கே இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டு, செயலியையும் நீக்கிவிடுங்கள். பக்கத்து மிஷினில் தைப்பவருக்கும் காட்டிக்கொடுங்கள்.