ஏலத்தை ஏலம் விட்ட மெட்டு

இரண்டு கேட்வே சர்வர்களின் கான்ஃபிக்கை ஒரே டொமைனுக்குள் சேர்க்கச் சொன்னார்கள். "அரை நாள் வேலைதானே" என்றார் மேலாளர். அரை நாள் வேலை என்று சொல்கிறவர் அந்த வேலையைத் தன் கையால் செய்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சம்பளம் வாங்குகிறேனே! ஒன்றிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்து மற்றதில் இம்போர்ட் போட்டேன். இரண்டிலும் 'மெயின்' என்று ஒரு ரூல் இருந்தது. முதல் சர்வரில் மெயின் என்றால் 'எல்லாரையும் உள்ளே விடு'. இரண்டாவதில் 'ஒருத்தனையும் விடாதே'. பின்னால் வந்தவன் முன்னால் இருந்தவனை விழுங்கிவிட்டான். மறுநாள் காலை அலுவலகமே வாசலில் நின்றது.

போடிக்காரனான நான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரள எல்லையில் போடிமெட்டு. மெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மலையைத் தாண்டும் வழி. பாட்டுக்கும் அதே பேர்தான், ஆனால் இந்த மெட்டுக்கு எந்தக் காலத்திலும் சுருதி சேர்ந்ததில்லை. மேலே ஒரு அரசாங்கம், கீழே ஒரு அரசாங்கம். இரண்டின் கான்ஃபிக்கையும் ஒன்றாக்கும் வேலை நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அதையும் யாரோ ஒருவர் அரை நாள் வேலை என்றுதான் ஆரம்பித்திருப்பார்.

அந்தக் காலத்தில் மெட்டுக்கு மேலே திருவிதாங்கூர் மகாராஜா, கீழே மதுரை ஜில்லாவில் வெள்ளைக்காரன். ஏலச்செடி மகாராஜாவின் மலையில் நின்றது. அதை வளர்த்தவர்களில் பெரும்பாலோருக்கு வீடு வாசல் எல்லாம் கம்பத்திலும் போடியிலும். செடிக்கு ஒரு ராஜா, சம்சாரிக்கு வேறொரு ராணி. இதில் ஏலக்காய் சர்க்காரின் ஏகபோகம் வேறு. பறித்து, உலர்த்தி, சர்க்கார் கிடங்கில் சர்க்கார் விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். சர்க்கார் அதை ஆலப்புழைக்குக் கொண்டுபோய் ஏலம் போடும்.

இங்கே தமிழே காலை வாருகிறது. செடிக்கும் ஏலம், கூவி விற்பதற்கும் ஏலம். முன்னது நம்முடையது, பின்னது போர்த்துக்கீசியன் விட்டுப்போனது. ஒரே பேரில் இரண்டு பொருள், அதுவும் ஒரே கிடங்கில். ஏலத்தை ஏலத்தில் எடுத்தவன் எதை எடுத்தான் என்று கணக்குப்பிள்ளை எப்படி எழுதினாரோ!

வீடு கிழக்கே, கிடங்கு மேற்கே. இருட்டினால் மூட்டைக்குக் கால் முளைக்காதா? முளைத்தது. கருக்கலில் காட்டுப்பாதை வழியாகக் கீழே இறங்கியது. ஒரே தொழில்நுட்பச் சிக்கல் வாசனை. ஏலக்காயைக் கோணியில் ஒளிக்கலாம், மூக்கிலிருந்து ஒளிக்க முடியாது. எல்லைச் சாவடிக்காரருக்கு ஜலதோஷம் பிடித்த நாளில் போனவன்தான் கெட்டிக்காரன்.

இதையெல்லாம் தடுக்க ஏலமலைக்கென்றே ஒரு துரையைப் போட்டார்கள். ஜான் டேனியல் மன்றோ. பதவி, சூப்பரின்டெண்டும் மாஜிஸ்ட்ரேட்டும். பிடிப்பவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே. இப்படி மொத்த அட்மின் அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை வருடத்துக்கு 3,000 ரூபாய் குத்தகைக்குத் தன் பெயரில் எழுதி வாங்கினார். சுமார் 227 சதுர மைல். சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பக்கத்து ஹார்டு டிஸ்க்கையே வீட்டுக்கு எடுத்துப்போன மாதிரி. இன்று மூணாறில் நாம் செல்ஃபி எடுக்கும் தேயிலைப் பச்சை அங்கிருந்து தொடங்கியதுதான்.

அதற்கு முன்பே, 1865இல், முதல் பெரிய மெர்ஜ் நடந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூவரும் கூடி எல்லைச் சுங்கத்தை எடுத்துவிடுவது என்று ஒப்பந்தம் போட்டார்கள். திருவிதாங்கூர் திவானாக அப்போது இருந்தவர் மாதவ ராவ். கும்பகோணத்துக்காரர், கணக்கில் புலி. எல்லாச் சரக்கும் தடையில்லாமல் போகலாம் என்று எழுதிவிட்டு, கீழே 'தவிர' என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். உப்பு, புகையிலை, அபின், சாராயம். அதாவது மனிதன் நிஜமாகவே கடத்த ஆசைப்படும் எல்லாம். மீதிக்குத் தாராளச் சுதந்திரம்.

உப்பு விலை இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தது. எதை வைப்பது, எதை அழிப்பது? பெரிய சர்வரின் மதிப்பே ஜெயித்தது. திருவிதாங்கூர் தன் உப்பு விலையைக் கம்பெனி காலத்து வாரிசின் விலைக்கு ஏற்றிக்கொண்டது. சுங்கம் போனதால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்டு வாங்கவும் மாதவ ராவ் மறக்கவில்லை. சமஸ்தானத்துக் கஜானாவுக்கு ஈடு வந்தது. கூட்டில் உப்புப் போட்ட பாட்டிக்கு யார் ஈடு கொடுத்தார்கள் என்று ஒப்பந்தத்தில் இல்லை.

தேயிலைக்காரர்கள் இந்த மெட்டு வம்பே வேண்டாமென்று தனி வழி போட்டுக்கொண்டார்கள். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம், அதில் மாடு இழுக்கும் வண்டி. 1908இல் அது குட்டி ரயிலானது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்த தேயிலைப் பெட்டி, அங்கிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டே குரங்கணிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியேறிப் போடிக்கு வந்து, தூத்துக்குடி போய்க் கப்பலேறி லண்டன் சேர்ந்தது. மாட்டில் ஆரம்பித்து மாட்டையே நம்பி முடிந்த நவீனம். 1924 வெள்ளம் அந்த ரயிலை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. நான்கு வருடம் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. எங்கள் ஊரில் எதுவும் இப்படித்தான் வரும்.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956இல் கேரளம் பிறந்தது. தேவிகுளமும் பீர்மேடும் மேலேயே நின்றன. அவை யாருக்கு என்ற சண்டையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எனக்கு இரண்டு பக்கமும் சம்பந்திகள் இருக்கிறார்கள்.

ராஜாக்கள் போனதும் சாவடியும் போய்விடும் என்று நினைத்தவன் அப்பாவி. ஒரு சாவடி இருந்த இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு சோதனைச்சாவடி முளைத்தன. வணிகவரி, வனத்துறை, ஆர்டிஓ, கலால், போலீஸ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு முத்திரை. கீழே தமிழில் ஒருவர் "வண்டில என்ன?" என்பார். நூறு அடி தள்ளி மலையாளத்தில் இன்னொருவர் அதையே கேட்பார். நடுவில் அந்த நூறு அடியில் சரக்கு மாறியிருக்குமோ என்ற சந்தேகம் இரண்டு அரசுக்கும் கடைசிவரை தீரவில்லை. வியாபாரிக்கோ குலதெய்வத்துக்கு அடுத்தபடி சி பாரம். வெளிமாநிலத்துக்கு விற்ற சரக்குக்குச் சலுகை வரி வேண்டுமென்றால் அந்தத் தாள் வேண்டும். தாள் வராமல் தூக்கம் கெட்ட வீடுகளை எண்ணினால் போடியில் ஒரு வார்டு தேறும்.

2017 ஜூலை 1. டெல்லியில் நள்ளிரவில் மணியடித்து ஜிஎஸ்டி பிறந்தது. நாடு முழுக்க ஒரே டொமைன். வரிச் சாவடியின் மூங்கில் தூக்கிய கையோடு நின்றது. ஒன்றாக்கிய வரிக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று மூன்று பேர் வைத்ததுதான் வேடிக்கை. வியாபாரியின் எண் தமிழ்நாட்டில் 33இல் தொடங்கும், கேரளத்தில் 32இல். 17 வளைவு ஏறினால் குறையும் நம்பர் ஒன்றே ஒன்று. ஏலக்காய்க்குக் கிடைத்த குறியீடு 0908, ஜாதிக்காயோடும் ஜாதிபத்திரியோடும் ஒரே அறை. ஏலம் என்ற பேரை எடுத்துவிட்டு எண் கொடுத்த இந்த ஒரு இடத்தில்தான் குழப்பம் தீர்ந்தது என்று ஒரு தொழில்காரனாக நான் ஒப்புக்கொள்கிறேன்.

50,000 ரூபாய்க்கு மேல் சரக்குப் போனால் இ-வே பில் என்றார்கள். 2018 பிப்ரவரி 1இல் தொடங்கியது. அன்றைக்கே சர்வர் படுத்துவிட்டது. தள்ளிவைத்து, மறுபடி ஆரம்பிக்கத் தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் 1. நான் சிரிக்க மாட்டேன். நானும் ஒரு காலையில் வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவன்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டு மாநிலமும் ஓடிப்போய் ஆளுக்கொரு போர்ட்டல் திறந்தன. தமிழ்நாட்டுக்கு ஒரு இ-பாஸ், கேரளத்துக்கு ஒரு பாஸ். காலையில் ஜீப்பில் மேலேறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்கள், தலைமுறையாக இரண்டு நாட்டிலும் வாழ்ந்த ஒரே ஜனங்கள், அன்று இரண்டு நாட்டுக்கும் அந்நியரானார்கள். ஏலமும் நின்றது. (இரண்டு அர்த்தத்திலும் அல்ல. செடி காய்த்துக்கொண்டேதான் இருந்தது.)

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியில் ஒன்று, மேலே புற்றடியில் ஒன்று என்று தனித்தனியாக நடந்துவந்தது. எங்கள் வியாபாரிகள் புற்றடி ஏலத்துக்கு மலையேறுவார்கள், அவர்கள் போடி ஏலத்துக்கு இறங்குவார்கள். தொற்றுக் காலத்தில் இரண்டு மையத்தையும் இணைத்துவிட்டார்கள். இங்கே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் அங்கே விலை ஏறும். சாம்பிளை முகர்ந்து பார்க்க மட்டும் இன்னும் நெட்வொர்க் வரவில்லை, அது வண்டியில்தான் வருகிறது.

என் சர்வர் படுத்த அன்று சித்தப்பா போன் செய்தார். பழைய ஏலக்காய் வியாபாரி. நடந்ததைச் சொன்னேன்.

"பழசை எடுத்து வச்சிருக்கியாடா?"

"இல்ல சித்தப்பா."

"எங்க வீட்டுப் பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சி பாரம் கிடக்கு, தெரியும்ல?"

"ஜிஎஸ்டி வந்து இவ்வளவு வருசம் ஆச்சே, அது எதுக்கு இப்ப?"

"இவனுக மறுபடி பிரிச்சான்னா?"