ஆறு சக்கரத்தில் ஒரு மடிப்பாக்கம்

வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருக்க ஆசைப்படுகிறவர்கள், அதற்காகக் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் அடங்கிய இன்னொரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் ஆர்.வி. பயணம். அமெரிக்காவில் ரிட்டயரானவர்கள் பலர் இதை முழுநேர வேலையாகவே பார்க்கிறார்கள். சான் டியேகோவில் வேறு முழுநேர வேலை பார்க்கும் எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. எங்கள் வீடு, கோயம்புத்தூர் நண்பர் வீடு என்று இரண்டு குடும்பம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். மடிப்பாக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியாரை அதில் சேர்த்தது மரியாதைக்காக. கடைசியில் மொத்தத் திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

இடம் விஷயத்தில் தகராறு இல்லை. ஆன்சா பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா. கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களிலேயே பெரியது. 6 லட்சம் ஏக்கருக்கு மேல். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னை மாநகராட்சியை அதற்குள் ஐந்து முறை வைத்த பிறகும் மிச்சம் இருக்கும். நடுவில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். பெயருக்குக்கூட ஒரு டிராஃபிக் சிக்னல் கிடையாது. இரவில் விளக்குகளை அடக்கி வைத்து நட்சத்திரங்களைக் காப்பாற்றுகிற ஊர் என்று 2009-ல் சர்வதேச அங்கீகாரம் வாங்கியிருக்கிறது. இருட்டாக இருப்பதற்கு அங்கீகாரம் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் மாமியார், “நம்ம ஈபிக்காரங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார்.

ஊரைச் சுற்றிலும் ரிக்கார்டோ பிரெசேடா என்ற சிற்பி இரும்புத் தகட்டில் செய்த 130-க்கு மேற்பட்ட உருவங்கள் நிற்கின்றன. யானை, குதிரை, ஒட்டகம், டைனோசர் எல்லாம் உண்டு. 350 அடி நீளப் பாம்பு ஒன்று சாலைக்கு இந்தப் பக்கம் மண்ணுக்குள் புகுந்து அந்தப் பக்கம் எழுந்திருக்கிறது. மழை சரியாகப் பெய்த வருஷமானால் மார்ச்சில் பாலைவனமே பூத்துக் கிடக்கும்; 2017-லும் 2019-லும் அப்படிப் பூத்து, பார்க்க வந்த கூட்டத்தில் ஊர் திணறியது. மழை பொய்த்தால் கல்லும் கள்ளியும்தான். முன்பதிவோ ஆறு மாதத்துக்கு முன்பே செய்தாக வேண்டும். ஆக, மார்ச்சில் பூக்குமா என்பதை செப்டம்பரிலேயே ஊகித்துப் பணம் கட்ட வேண்டும்.

காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் குழாயும் பிளக்கும் உள்ள இடங்களுக்குத்தான் அடிதடி. கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் போயின. எங்களுக்கு வாய்த்தது முதல் பாதி நாட்களுக்கு எந்த இணைப்பும் இல்லாத இடம். இரண்டாம் பாதிக்கு எல்லா இணைப்பும் உள்ள இடம். “ஏனுங்க, பூங்காவுக்குள்ள கண்ட எடத்துல காசு கட்டாமயே தங்கலாம்னு போட்டிருக்குதுங்களே!” என்று கோவை நண்பர் கண்டுபிடித்துச் சொன்னார். உண்மைதான். அந்தப் பூங்காவின் திறந்தவெளியில் இலவசமாகவே முகாம் போடலாம். அதே நண்பர்தான் வாடகை ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படித்தவர். தார்ச் சாலையை விட்டு வண்டி இறங்கக் கூடாது என்ற வரி வந்ததும், இலவசத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

வண்டி 30 அடி நீளம். நாங்கள் பதிந்த முகாமில் 35 அடி வரை அனுமதி. நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன். நம் கணக்கில் 150 லிட்டர். ஏழு பேருக்கு, இணைப்பில்லாத நாட்கள் முழுக்க அதுதான். மனைவி எக்செல்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை போட்டுப் பல் துலக்க, முகம் கழுவ, பாத்திரம் தேய்க்க என்று பிரித்தாள். குளியல் கட்டம் வந்தபோது எண்கள் சிவப்பாயின. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“நூத்தம்பது லிட்டரா? தாராளம் மாப்பிள்ளை. ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப ஒரு குடத்துல அரிசி களைஞ்சு, அந்தத் தண்ணியில பாத்திரம் அலசி, அதைச் செடிக்கு ஊத்தினவ நான்.”

“செடிக்கெல்லாம் ஊத்த முடியாது அத்தை. இங்க சட்டப்படி ஒரு சொட்டு கழிவுநீர்கூட மண்ணுல விடக் கூடாது.”

“அப்ப செடி வேணாம். பக்கெட்டும் மக்கும் எடுத்துக்குங்க. அந்த ஷவரைத் திறந்தீங்கன்னா அன்னிக்கே லாரிக்குப் போன் பண்ணணும்.”

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் சொந்தமாக ஆர்.வி. வைத்திருப்பவர். அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்: உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, மூடு. கடற்படையில் அப்படித்தான் குளிப்பார்களாம். மடிப்பாக்கத்தில் கடற்படை இல்லாமலேயே அப்படித்தான் குளிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எஸ்-22 சாலை மலையிலிருந்து பாலைக்கு 3000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது; தொட்டியை நிரப்பினால் 150 கிலோ கூடுதல் பாரம்; அதனால் முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்றார் பெரியவர். நான் மொழிபெயர்த்தேன். “போற எடத்துல குழாய் இருக்கும்னு நம்பி வெறுங்குடத்தோட போற பழக்கம் எங்க வீட்டுல இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றார் மாமியார். அதையும் மொழிபெயர்த்தேன். பாதித் தொட்டி என்று சமரசம் ஆனது.

இதில் மாமியார் பக்கம் சரித்திரமும் இருக்கிறது. பூங்காவின் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரரான ஹுவான் பௌதிஸ்தா தெ ஆன்சா, 1775-ல் மெக்சிகோவின் சொனோரா பகுதியிலிருந்து குழந்தை குட்டிகளோடு சுமார் 240 பேரைத் திரட்டிக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்ற இந்தப் பாலைவழியாகத்தான் கூட்டிப் போனார். எல்லாரும் ஒரே நாளில் போய் இறங்கினால் ஊற்றுகள் வற்றிவிடும் என்று கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டம் குடித்துப் போன பிறகு ஊற்று ஊற இடைவெளி விட்டு அடுத்ததை அனுப்பினார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இன்றைய பூங்காவுக்குள் இருக்கும் கொயோட்டி கேன்யனில் ஒரு குழந்தையும் பிறந்தது. நான் இதைச் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, “பெத்தவளுக்கு வெந்நிக்கு என்ன பண்ணினாங்க?” என்பதுதான்.

தண்ணீர் முடிந்து மின்சாரத்துக்கு வந்தோம். இணைப்பில்லாத நாட்களில் ஜெனரேட்டர்தான். அதுவும் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் காலை 10 மணியிலிருந்து இரவு 8 வரைதான் ஓடலாம். இணைப்புள்ள நாட்களிலும் 30 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் டிரிப் ஆகிவிடும். ஏசி 13, மைக்ரோவேவ் 13, இன்ஸ்டன்ட் பாட் 8 என்று கூட்டினாலே 34. இத்தனைக்கும் மிக்ஸி இன்னும் பட்டியலில் ஏறவில்லை. சட்னி அரைக்கும்போது ஏசி நிற்கட்டுமா, சோறு வேகும்போது நிற்கட்டுமா என்று நண்பர் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினார். மாமியார் வாக்களிக்கவில்லை. “வண்டியில கேஸ் அடுப்பு இருக்குல்ல? குக்கரை வச்சா நாலு விசில். எதுக்கு ஓட்டு?” என்று குரல்பதிவு அனுப்பினார். எக்செல்லில் ஒரு பக்கமே காலியானது.

இட்லி மாவைப் பற்றித் தனிக் கூட்டம் நடந்தது. புளித்த மாவா, புளிக்காத மாவா? புளிக்காததை ஏற்றினால், எஸ்-22 சாலை இறங்க இறங்க மாவு ஏறும். முடிவு: பெரிய தூக்கில் பாதி மாவு, மூடிக்கு மேல் ரப்பர் பேண்ட், மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள்.

படுக்கை விஷயத்தில் இலக்கியம் குறுக்கே வந்தது. பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று தொல்காப்பியத்திலிருந்து படித்துவருகிறோம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் ஒன்று, சோபாவை விரித்தால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஏழு பேரை 30 அடிக்குள் அடுக்கிய வரைபடத்தைத் தொல்காப்பியர் பார்த்திருந்தால் நூற்பாவுக்கு ஒரு விதிவிலக்கு எழுதியிருப்பார். அதில் புரண்டு படுப்பதற்கே பக்கத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டும்.

எல்லாம் முடிந்து, யாரும் தொடாத விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது? குழுவில் கேள்வியைப் போட்டேன். எல்லாருக்கும் நீல டிக் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராபின் வில்லியம்ஸ் நடித்து 2006-ல் வந்த ‘ஆர்.வி.’ படத்தில் இந்தத் தொட்டியை வைத்தே ஒரு பெரிய நகைச்சுவைக் காட்சி உண்டு. அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த மௌனத்தில் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் உற்சாகமாக வகுப்பெடுத்தார். கழிவுக் குழாய் மாட்டியிருக்கிறதே என்று வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே கோபுரம் கட்டிவிடும். தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் முதலில் கழிப்பறைத் தொட்டி, அப்புறம் குளித்த தண்ணீர்த் தொட்டி. பின்னது குழாயைக் கழுவிவிடும். கையில் உறை கட்டாயம்.

“அவ்வளவுதானே? பாதாளச் சாக்கடை வராத காலத்துல லாரிக்காரன் குழாயைப் போடும்போது பக்கத்துல நின்னு ரெண்டு லோடா மூணு லோடான்னு எண்ணினவ நான். மாப்பிள்ளை வால்வைத் திறக்கட்டும், நான் சொல்றேன்” என்றார் மாமியார். குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. என் பெயர் எப்போது தேர்வானது என்று கேட்க எனக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை.

பாலைவனத்துக்கு ஆர்.வி.யில் போக நினைப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்: கோடையில் போகாதீர்கள், அங்கே வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய் வாருங்கள். ஆறு மாதம் முன்பே பதியுங்கள். வாடகை ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால், முதல் நாளே அவரைத் தலைவராக்கிவிட்டு எக்செல்லை மூடிவிடுங்கள்.