ரஷ்ய லென்ஸும் ட்ரேஸிங் பேப்பரும்

1990களில் பெங்களூரில் ரஷ்ய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். தாத்தா காலத்து லைகா உடம்பு கையில் இருக்கும், அதற்கேற்ற ஜெர்மன் லென்ஸ் வாங்கக் காசு இருக்காது. ஜூபிட்டர்-8, இண்டஸ்டார்-50 என்று கிடைத்ததைத் திருகிக்கொண்டு கப்பன் பார்க்கில் படமெடுப்போம். எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகாமல் இருக்க உள்ளங்கையால் லென்ஸுக்குக் குடை பிடிப்போம். இன்று அதே கப்பன் பார்க்கில் இளைஞர்கள் அந்த வெளுப்புக்காகவே ஜூபிட்டரைத் தேடி வாங்கி, வெயிலைப் பார்த்துத் திருப்புகிறார்கள். 2016இல் லோமோகிராஃபி நிறுவனம் பழைய ஜூபிட்டர்-3ஐ ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலேயே மறுபடி செய்வித்து 649 டாலருக்கு விற்றது. எங்கள் காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

இந்த லென்ஸ்களையெல்லாம் ஒரே குடும்பமாக்குவது ஒரு மரைதான். 39 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 26 சுற்று, லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மில்லிமீட்டர். 1954இல் எம்3 வந்ததும் லைகா வேறு பூட்டுக்கு மாறிவிட்டது. 1960 வாக்கில் கடைசித் திருகு மாடலான 3ஜியையும் நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குள் கேனனும் நிக்கானும் சோவியத் ஆலைகளும் அதே மரையில் லென்ஸ் செய்து குவித்திருந்தன. 1999இல் ஜப்பானின் கோசினா, ஃபோக்ட்லேண்டர் பெயரில் அந்த மரைக்குப் புது லென்ஸே கொண்டுவந்தது.

பிற கம்பெனி லென்ஸ் என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் ‘லைஃப்’ பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன். 1950இல் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸைச் சோதித்துப் பார்த்து அசந்துபோனவர், அதையே தன் லைகாவில் திருகிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். ஜப்பான் சரக்கு என்றாலே மலிவு நகல் என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. நம் பக்கத்தில் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் இருந்தார். ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தானே பொருத்திச் செய்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, யானைகளை அதில் படமெடுத்தார். பொருத்தம் தெரிந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டதில்லை.

எனக்குப் பொருத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் சிவாஜிநகரில் இருந்த ஒரு பெரியவர். எச்.எம்.டி. வாட்ச் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டு வராந்தாவில் கேமரா ரிப்பேர் செய்தார். சோதனைக்கென்று ஒரு கேனன்-பி உடம்பு வைத்திருந்தார். திருகு லைகாவுக்குப் பின்கதவு கிடையாது, ஃபிலிமை அடியிலிருந்து செருக வேண்டும். கேனனில் கதவைத் திறந்தால் ஃபிலிம் ஓடும் இடம் கண்ணெதிரே இருக்கும். அங்கே ட்ரேஸிங் பேப்பரை விறைப்பாக ஒட்டுவார். லென்ஸை முழுதாகத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்து, கேபிள் ரிலீஸை அழுத்திப் பூட்டுவார். ஒரு மீட்டர் தள்ளி நாள்காட்டி தொங்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் தேதியின் இரட்டை உருவத்தை ஒன்றாக்கிவிட்டு, கண்ணில் இடுக்கிய வாட்ச் லென்ஸோடு பேப்பரின் மேல் குனிவார். அங்கே தலைகீழாக விழும் தேதி கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

“தம்பி, லென்ஸ்ல இருக்கற பேரைப் படிக்காதீங்க, பேப்பரைப் பாருங்க” என்பார்.

ஜூபிட்டர்களில் அது பெரும்பாலும் கூர்மையாக இருக்காது. ஜூபிட்டர்-3, ஜூபிட்டர்-8 இரண்டுக்கும் மூலம் ஜெர்மன் ஸைஸ் நிறுவனத்தின் ஸோனார் லென்ஸ். அதன் உண்மையான குவியத்தூரம் 52.4 மில்லிமீட்டரை ஒட்டியது. லைகாவின் ரேஞ்ச்ஃபைண்டரோ 51.6ஐ எதிர்பார்க்கிறது. தொலைவில் வித்தியாசம் தெரியாது. கிட்டத்தில், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். உள்ளே லென்ஸ் தொகுதிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் வளையத்தைத் தடிமனாக்கினால் பக்கத்துத் தூரம் சரியாகும். தொலைவுக்கு அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொள்ளலாம். பெரியவர் அந்த வளையத்தைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் போடுவார். ஒரு லென்ஸுக்கு அரை நாள் ஆகும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் நடைபாதையில் பழைய லென்ஸ் பார்ப்பவர்கள் முதலில் செய்வது ஃபோன் டார்ச்சை உள்ளே அடிப்பது. அந்த வெளிச்சத்தில் தூசியெல்லாம் பூதாகரமாகத் தெரியும். பயந்து நல்ல லென்ஸை வைத்துவிட்டுப் போகிறார்கள். தூசி படத்தைக் கெடுக்காது. கெடுப்பது ஃபங்கஸும், பால் படர்ந்தது போன்ற மங்கலும். கேனன் 50/1.8இல் டயஃப்ரத்தை ஒட்டிய கண்ணாடியில் அந்த மங்கல் சகஜம், பல நேரம் துடைத்தாலும் போகாது. ஜூபிட்டர்-12ஐ எடுத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். குமிழாகத் துருத்தி நிற்கும் அந்தக் கண்ணாடியை யாராவது மேஜையில் அப்படியே வைத்திருப்பார்கள், கீறல் விழுந்திருக்கும்.

இன்னொரு பிரச்சினை எங்கள் காலத்தில் இல்லாதது. மிர்ரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டுத் திரையில் பார்த்து, “ஃபோகஸ் பக்கா” என்று சொல்லி விற்கிறார்கள். திரையில் பார்க்கும்போது ரேஞ்ச்ஃபைண்டருக்கு அங்கே வேலையே இல்லை. அதே லென்ஸைப் பழைய லைகாவில் திருகி, இன்றைய விலைக்கு ஒரு ஃபிலிம் சுருளை ஓட்டிய பிறகுதான் முகமெல்லாம் மங்கியிருப்பது தெரிகிறது. இத்தனை துல்லியமான திரைகள் வந்த பிறகும் ட்ரேஸிங் பேப்பர் சொல்வதை அவை சொல்வதில்லை.

முதல் லென்ஸ் என்று கேட்பவர்களுக்கு நான் கேனன் 50/1.4ஐத்தான் சொல்கிறேன். லைகாவோடு ஒத்துப்போகும், படம் தெளிவாக வரும், ஜெர்மன் விலையும் இல்லை. சிக்கனம் வேண்டுமென்றால் இண்டஸ்டார்-61. முழுதாகத் திறந்தாலும் எஃப்/2.8தான் என்பதால் சின்னப் பிசகு அவ்வளவாகத் தெரியாது. எஃப்/1.5 ஜூபிட்டர்-3தான் வேண்டுமென்றால் வாங்கலாம், அழகான லென்ஸ். ஆனால் ஷிம் போட ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

அந்த ஆட்கள்தான் இன்று அரிது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2016 ஜனவரியில். ஜூபிட்டர்-3 மறுபிறவி எடுத்த அதே ஆண்டு. லென்ஸுக்கு மதிப்பு வந்தபோது அதைச் சரிசெய்யக் கற்ற கைகள் கலைந்துவிட்டன. எனக்குத் தெரிந்த இளம்பெண் ஒருத்தி அதனால் தானே இறங்கிவிட்டாள். மைக்ரோமீட்டர் வாங்கியிருக்கிறாள், பித்தளைத் தகட்டுக்கு அவென்யூ ரோடு பக்கம் அலைகிறாள். சோதனை உடம்பாக என் கேனனைக் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் கொடுக்கப்போகிறேன்.